அறியாமையா? அறிந்து மறுத்தலா?

பழைய குத்துச்சண்டைப் படங்களைப் பார்ப்பதில் பிரியமுள்ளவர்கள் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் நம்மவர்களிடையே பெருகி வருகின்றனர். முன்னாளில் அப்படங்களைக் காண வேண்டுமாயின் அவற்றைச் சேகரித்து வைத்திருந்த சிலருடைய தயவு வேண்டும். இந்நாளிலோ மாதச் சம்பளம் வாங்கும் எந்தத் தொழிலாளியும் நூறாண்டுக்கு முந்திய சண்டையொன்றைத் தன் கைப்பேசியில், இராச் சாப்பாட்டிற்குப் பின் சாவகாசமாகக் காணலாம். இது நல்லதே. காப்பிக் கடையில் நாலு பேர் கூடி ஊர் வம்பு பேசுவதைக் காட்டிலும், இன்ன வீரருடைய இடக்கைக் குத்து எத்தகையது, இன்னார் இன்னாரை எதிர்த்திருந்தால் யாது விளைந்திருக்கும் என்று வாதாடுவதில் புத்திக்குச் சிறிதேனும் வேலையிருக்கின்றது.

இவ்வாதங்களைக் கேட்டு வந்ததில் இரண்டு கூற்றுக்கள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்கிறேன். ஒன்று, "அந்தக் காலத்து ஆட்களைப் படத்தில் பார்த்துவிட்டேன், கோமாளிகளைப் போல் துள்ளுகிறார்கள், இந்தக் காலத்து வீரனுக்கு முன்னால் ஒரு ரவுண்டு நிற்கமாட்டார்கள்" என்பது. மற்றொன்று, இத்துறையில் ஊறிய ரசிகர்கள் கூறுவது: "இன்னார் இடிபோன்ற குத்துக்காரர், உலகம் அவருடைய மதிப்பை அறியாமற் போய்விட்டது" என்பது. முதற் கூற்று பிழையென்று எளிதிற் காட்டிவிடலாம். இரண்டாவது அன்பினாற் பிறந்தது. கேட்பதற்கும் நியாயமாகத் தோன்றுவது. எனினும் எனக்கு அதிக ஐயத்தைத் தருவது அவ்விரண்டாவதே. உலகம் மெய்யாகவே அறியாமற் போயிற்றா? அன்றி, நன்றாக அறிந்து, அறிந்த காரணத்தினாலேயே கதவைச் சாத்திற்றா? இவை ஒன்றல்ல. அறியாதவன்மேற் குற்றஞ் சுமத்துவதற்கில்லை. அறிந்து மறுத்தவன் பதில் கூறக் கடமைப்பட்டவன்.

முதலிற் படத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற வேண்டும். சினிமாக் கலையும் குத்துச்சண்டையும் ஏறக்குறைய ஒரே தொட்டிலில் வளர்ந்தவை. 1897-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 17-ஆம் தேதி அமெரிக்காவில் நெவாடாவைச் சேர்ந்த கார்சன் நகரத்தில் கார்பெட் என்பவருக்கும் பிட்ஸ்சிம்மன்ஸ் என்பவருக்கும் நடந்த ஹெவிவெயிட் பட்டச் சண்டையை இனாக் ரெக்டர் என்பவர் படமாக்கினார். ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் ஓடிய அப்படமே உலகத்தின் முதல் நெடும்படமென்பர். அதிலும் இன்று எஞ்சியிருப்பவை துண்டுகளே. 1899-இல் ஜெப்ரீசும் ஷார்க்கியும் நியூயார்க்கைச் சேர்ந்த கோனித் தீவில் மூடிய அரங்கில் 25 ரவுண்டு பொருதபோது, படம் பதிவதற்காக அவர்கள் தலைக்குமேல் ஏறத்தாழ 400 மின்விளக்குகளை எரியவிட்டனர். அடியையும் தாங்கி அவ்வெப்பத்தையும் தாங்கிய அவ்விருவரையும் நினைத்துப் பாருங்கள்.

அக்காலத்துப் படக்கருவியைக் கையினாற் சுற்ற வேண்டும். விநாடிக்குச் சுமார் 16 படங்கள் பதியும். சுற்றுகிறவர் கை சோர்ந்தாற் குறையும், பதறினாற் கூடும். பேசும்படம் வந்தபின்னர் விநாடிக்கு 24 படங்களென்று நிலைப்பட்டது. 16 வீதத்திற் பதிந்ததை 24 வீதத்தில் ஓட்டினால் மூன்று நிமிஷ ரவுண்டு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். நம்மவர் கண்டு நகைக்கும் கோமாளித் துள்ளல் அவ்வீரர்களுடையதன்று, ஓட்டுகிறவருடையது. அன்றியும், குறுகிய தூரத்திலிருந்து வரும் நல்ல குத்தொன்று விநாடியிற் பத்திலொரு பங்கிற்குள் முடிந்துவிடக் கூடியது. அக்கருவி அதனை ஒன்றிரண்டு படங்களிலேயே பிடிக்கும். சில வேளைகளிற் பிடிக்காமலே போகும். குத்தின் வன்மையோ எந்தப் படத்திலும் பதிவதில்லை. கை நகர்வது தெரிகின்றது. எதிரி விழுவது தெரிகின்றது. இடையிலுள்ள வலிமையை நாம் ஊகித்தே அறிகிறோம். புகையைக் கொண்டு நெருப்பை அறியும் அனுமானம் என்று நம் தர்க்க நூலார் கூறுவது இதுவேயாம். ஆகையாற் கடுங்குத்து வீரனைப் பற்றி ஆராய்கிறவர், குத்துகிறவனை விடக் குத்துப் பட்டவனையே அதிகமாகக் கவனிக்க வேண்டியவராகிறார்.

இது கருவியின் இயற்கைக் குறை. இதற்கு எவர்மேலும் வழக்கில்லை. மனிதர் வேண்டுமென்றே செய்த குறைகள் வேறு.

1908-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில், கறுப்பரான ஜாக் ஜான்சன் வெள்ளையரான டாமி பர்ன்சை எதிர்த்தார். 14-ஆவது ரவுண்டிற் பர்ன்ஸ் சாய்ந்துவிடும் நிலையை அடைந்தபோது போலீசார் சண்டையை நிறுத்தினர், படக்கருவியும் நின்றது. வெள்ளைப் பட்டவீரர் வீழ்வதை உலகம் காணலாகாதென்பதே கருத்து. 1910-இல் ஜூலை 4-ஆம் தேதி ரீனோ நகரத்தில் ஜெப்ரீசையும் ஜான்சன் முறியடித்தபொழுது, அமெரிக்காவிற் பல ஊர்களிற் கலகம் மூண்டு கறுப்பர் பலர் உயிரிழந்தனர். அப்படத்தைக் காட்டலாகாதென்று நகரந்தோறும் தடைகள் எழுந்தன. 1912-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி அமெரிக்க அரசாங்கம் சிம்ஸ் சட்டத்தை நிறைவேற்றி, பரிசுச் சண்டைப் படங்களை ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்திற்குக் கொண்டுபோவதையே குற்றமாக்கிற்று. சட்டத்தின் வாசகத்தில் நிறத்தைப் பற்றிப் பேச்சில்லை. அதன் காலத்தைப் பார்ப்பவருக்கு விளக்கம் வேண்டியதுமில்லை.

இச்சட்டத்தினால் நேர்ந்த வேடிக்கையொன்றுண்டு. 1915-இல் கியூபாத் தீவின் ஹவானாவில் வில்லர்ட் என்னும் வெள்ளையர் ஜான்சனை வீழ்த்தினார். இம்முறை வெள்ளையர் வென்ற படத்தைப் பார்க்கப் பலரும் ஆவலுற்றனர். ஆயினும் சட்டம் குறுக்கே நின்றது. 1916-இற் சிலர் கனடா எல்லையிற் கூடாரமொன்றை அமைத்து, கனடா மண்ணிற் படத்தை ஓட்டி, எல்லைக்கு இப்பால் அமெரிக்க மண்ணில் நிறுத்திய கருவியில் அதைப் பதிந்துகொண்டனர். படச்சுருள் எல்லையைத் தாண்டவில்லை, ஒளி மாத்திரமே தாண்டிற்று என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கறுப்பருக்கு வைத்த கண்ணியில் வெள்ளையர் வெற்றியே அகப்பட்டுக்கொண்டது. அச்சட்டம் நீங்கியது 1940-இல்தான். 28 வருஷ காலம் சண்டைப் படங்கள் கள்ளச் சரக்காய் ஒளிந்து திரிந்தன. பழைய சுருள்கள் நைட்ரேட் என்னும் பொருளாலானவை. எளிதில் தீப்பற்றும், வைத்த இடத்திலேயே சிதையும். தப்பியவை சொற்பம்.

தோட்டத்து ஆபீசிற் செக்ரோல் எழுதுகிறவனுக்கு இதில் வியப்பொன்றுமில்லை. பிரட்டில் பெயர் பதியப்படாதவன் அன்று மாலை வரையில் வெயிலில் உழைத்திருந்தாலும் கணக்கின்படி அவன் வேலைக்கு வராதவனே. ஏட்டில் இல்லையென்பதாற் காட்டில் இல்லையென்றாகுமா? பெயர் விடுபட்டிருக்கக் கண்டால், "அவன் வந்தானா" என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. "விட்டவர் யார், ஏன் விட்டார்" என்றும் கேட்க வேண்டும். பழைய சண்டைகளைப் பற்றி வாதாடும் அன்பர்கள் பெரும்பாலும் முதற் கேள்வியோடு நின்றுவிடுகின்றனர்.

நிற்க. மதிப்பறியப்படாத குத்துக்காரர் என்று ரசிகர்கள் கூறும் பெயர்களில் முதலாக நிற்பவர் சாம் லாங்க்போர்ட். கனடாவின் நோவாஸ்கோஷியாவில் வேமத் பால்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்த கறுப்பர். இளமையிலேயே வீட்டை விட்டுப் போய் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தை அடைந்து அங்கே குத்துச்சண்டை பயின்றவர். உயரம் ஏறத்தாழ 5 அடி 7 அங்குலம். கைகளோ நீண்டவை, தோள்கள் அகன்றவை. 1903-இல் லைட்வெயிட் பட்டவீரராயிருந்த ஜோ கான்சை 15 ரவுண்டில் வென்றார். பட்டம் பணயமாக வைக்கப்படாத சண்டை அது. 1904-இல் வெல்டர்வெயிட் பட்டவீரரான பார்பேடோசைச் சேர்ந்த ஜோ வால்காட்டோடு சமனாக நின்றார். பிறகு உடல் பெருக்க, தம்மைவிட அரையடி உயரமான ஹெவிவெயிட் வீரர்களை எதிர்த்து நின்று வீழ்த்தினார். நாக்-அவுட்டாக முடித்த சண்டைகள் மாத்திரம் நூற்றுக்கு மேல். இருந்தும், ஏறத்தாழ கால் நூற்றாண்டு நீடித்த அத்தொழிலில், ஹெவிவெயிட் உலகப் பட்டத்திற்குப் போட்டியிட ஒருமுறையேனும் அவருக்கு இடந்தரப்படவில்லை.

இதனை மதிப்பறியாமை என்று கூறலாமோ? ஒரு நிகழ்ச்சியை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். 1910-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் கலிபோர்னியாவில் லாங்க்போர்ட், ஜிம் பிளின் என்னும் வெள்ளை வீரரை எட்டாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்தார். ஊரறிய நடந்தது, பத்திரிகைகளில் வந்தது, படமும் எடுக்கப்பட்டது. அப்போது பட்டம் ஜான்சனிடம் இருந்தது. இரண்டு வருஷங்களுக்குப் பின், 1912-இல் ஜூலை 4-ஆம் தேதி, ஜான்சன் தம் பட்டத்திற்குப் போட்டியாளராக எவரை ஏற்றார்? வீழ்த்திய லாங்க்போர்டையன்று, வீழ்ந்த பிளினை! தராசில் எது கனம், எது இலேசு என்று தெரியாதவரா இவ்வாறு தெரிந்தெடுத்தார்? மிக நன்றாகத் தெரிந்தவரே இவ்வளவு திருத்தமாகத் தவிர்க்க முடியும். லாங்க்போர்டின் முஷ்டிக்கு அக்காலம் இட்ட மதிப்பிற் பிசகில்லை. மதிப்பு உயர உயரக் கதவின் தாழ் இறுகிற்று. ஆகவே, "உலகம் அறியவில்லை" என்று நாம் இரங்கிக் கூறும்போது, நம்மை அறியாமலே அவ்வுலகத்திற்குச் சாக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இவ்விடத்தில் விஷயம் சிக்கலாகின்றது. மறுத்தவர் வெள்ளையர் மாத்திரமாயிருந்தால் நியாயம் கூறுவது எளிது. பிற்காலத்தில் டெம்சி 1919-இற் பட்டம் பெற்றவுடன் கறுப்பரோடு பொருதுவதில்லை என்று அறிவித்ததும், ஹாரி வில்ஸ் என்னும் கறுப்பு வீரரோடு 1925-இல் ஒப்பந்தமாகியும் அச்சண்டை நடவாமற் போனதும் அவ்வகையின. ஆனால் லாங்க்போர்டுக்குக் கதவடைத்தவர்களில் முதல்வர் ஜான்சன். பர்ன்சை விடாது துரத்தி ஆஸ்திரேலியா வரையிற் சென்று, நிறத்தின் பெயரால் மறுக்கப்பட்ட வாய்ப்பைப் போராடிப் பெற்றவர் அவரே. இலண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் லாங்க்போர்டோடு பொருத உடன்பட்டிருந்தவர், பட்டம் கைக்கு வந்தபின் பின்வாங்கினார். லாங்க்போர்டின் மேலாளர் ஜோ வுட்மன் பத்திரிகைகள் வாயிலாகப் பன்முறை அழைத்தும் அவர் இணங்கவில்லை. தம் பட்டக்காலத்தில் ஒரே ஒரு கறுப்பரோடு, அதாவது 1913-இற் பாரிசில் பாட்லிங் ஜிம் ஜான்சன் என்பவரோடு, பொருதினார். அப்பொழுதும் லாங்க்போர்டோடன்று.

ஜான்சன் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். இரு கறுப்பர் பொருதினால் டிக்கெட் வாங்க ஆளில்லை என்பது அவர் கூறிய காரணம். அது முழுப் பொய்யன்று. வெள்ளையர் ஒருவர் கறுப்பரை வீழ்த்துவதைக் காணும் ஆசைதான் அந்நாளைய வசூலின் ஊற்று. தம்மை வெறுக்கும் நாட்டில், எந்நேரமும் பறிக்கப்படக்கூடிய பட்டத்தை வைத்துக்கொண்டிருந்தவர், மிகக் கடினமான எதிரியை வலிய அழைக்கக் கடமைப்பட்டவரா? 1913-இல் அவரைக் குற்றவாளியாக்கிய வழக்கு அநீதியான வழக்கென்று இன்று எல்லாரும் ஒப்புகின்றனர். 2018-இல் அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்பும் வழங்கினார். இத்தனை இன்னல்பட்டவரை நாம் நாற்காலியில் அமர்ந்து கண்டிப்பது எளிது.

அவ்வளவும் ஒப்புவேன். எனினும் பட்டம் என்பது சொந்தச் சொத்தன்று. "என்னை வெல்லக்கூடியவர் உலகில் இல்லை" என்னும் கூற்றே அது. அக்கூற்றைச் சோதிக்க வருகிறவரைத் தடுத்துவிட்டுக் கூற்றை மாத்திரம் வைத்துக்கொண்டு வயிறு வளர்ப்பது வாணிபத்தில் நியாயமாகலாம், பட்டத்தில் நியாயமாகாது. மேலும், பர்ன்சைத் துரத்தியபோது ஜான்சன் எந்த நியாயத்தைப் பேசினாரோ அதே நியாயத்தைத்தான் லாங்க்போர்ட் பேசினார். ஏணியின் மேற்படியை அடைந்தபின் ஏணியை இழுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மவருக்கும் புதிதன்று. ஆபீசுகளிற் பார்த்திருக்கிறோம். தாம் பட்ட பாட்டைக் கூறிக்கொண்டே அடுத்தவனுக்கு அப்பாட்டை ஆக்கி வைக்கிறவர்கள் உளர். பட்ட துன்பம் அவர்கள் செயலுக்கு விளக்கமாகலாம், உரிமைச் சீட்டாகாது.

இனி மறுபக்கத்து ஆட்சேபம் ஒன்றுண்டு; அதையும் மறைப்பது முறையன்று. அநீதிக்குட்பட்டவரிடத்தில் நமக்குண்டாகும் இரக்கம், அவருடைய திறமையை உள்ளதற்கு மேல் உயர்த்திவிடாதா? உயர்த்தும். உயர்த்தியும் இருக்கின்றது. லாங்க்போர்டும் ஜான்சனும் ஒருமுறை பொருதியவர்களே. 1906-இல் ஏப்ரல் மாதம் மாசசூசெட்சில் செல்சி என்னும் ஊரில், ஜான்சன் பட்டம் பெறுமுன்னர், 15 ரவுண்டு நடந்த அச்சண்டையில் ஜான்சனே வென்றார். பிற்காலத்தில் லாங்க்போர்டின் பக்கத்தார், அன்று ஜான்சன் குத்துண்டு விழுந்ததாகக் கதை பரப்பினர். அந்நாளைய பத்திரிகைச் செய்திகள் அக்கதைக்கு இடந்தரவில்லை. லாங்க்போர்ட் அன்று எடையில் ஏறத்தாழ 30 இராத்தல் குறைந்தவர், இளைஞர் என்பதும் உண்மை. தோற்றார் என்பதும் உண்மை. ஹாரி வில்சோடு பதினைந்து முறைக்கு மேற் பொருதியதிலும் தோல்விகள் உண்டு. ஆகையால், "பட்டச் சண்டை நடந்திருந்தால் லாங்க்போர்டே வென்றிருப்பார்" என்று மேசையைத் தட்டுகிறவர்களோடு நான் சேரேன். அது எவருக்கும் தெரியாது. அவருக்குரிய கடன் வெற்றியன்று, அரங்கம். அரங்கத்தில் ஏறித் தோற்றிருந்தாலும் அவர் நியாயம் பெற்றவராவார். இரக்கத்தினால் வெற்றியை ஊகித்து அளிக்கும் ரசிகர், கடனை வேறு நாணயத்திற் செலுத்தப் பார்க்கிறார்.

மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே பொருதித் தீர்த்தனர். கறுப்பருக்கென்று தனி ஹெவிவெயிட் பட்டமொன்று இருந்தது. லாங்க்போர்ட், ஜோ ஜெனட், சாம் மெக்வே, வில்ஸ் ஆகியோரிடையே அது கைமாறிக்கொண்டிருந்தது. 1909-இற் பாரிசில் ஜெனட்டும் மெக்வேயும் 49 ரவுண்டு பொருதினரென்றால் அவ்வட்டத்தில் எத்தகைய மனிதர் அடைபட்டிருந்தனர் என்பதை யூகிக்கலாம். ஒரே மனிதரோடு பத்து முறை, பதினைந்து முறை மோதி உடல் நைந்தனர். 1917-ஆம் வருஷத்துச் சண்டையொன்றில் லாங்க்போர்டின் ஒரு கண் கெட்டது; மற்றொரு கண்ணும் மெல்ல மெல்ல மங்கிற்று. ஏறக்குறையக் குருடராயிருந்த நிலையில் 1922-இல் டைகர் பிளவர்ஸ் என்னும் இளம் வீரரை இரண்டாவது ரவுண்டில் நாக்-அவுட் செய்தார். அதே பிளவர்ஸ் 1926-இல் மிடில்வெயிட் உலகப் பட்டத்தை வென்றார். அவ்வருஷமே லாங்க்போர்ட் அரங்கத்தை விட்டு விலகினார்.

1944-ஆம் வருஷம் ஆல் லேனி என்னும் பத்திரிகையாசிரியர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், இருண்ட சிற்றறையொன்றிற் பார்வையிழந்து வறுமையில் வாழ்ந்திருந்த லாங்க்போர்டைத் தேடிக் கண்டார். அவர் எழுதிய கட்டுரையைப் படித்த ஜனங்கள் பணம் அனுப்பினர். நிதியொன்று ஏற்பட்டு, 1956-இல் இறக்கும் வரையில் அவருக்குச் சோறும் கூரையும் கிடைத்தன. அனுப்பியவர்களின் நல்லெண்ணத்தைக் குறைகூற நாவெழாது. 1990-இற் குத்துச்சண்டைப் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2003-இல் ரிங் என்னும் பத்திரிகை உலகத்தின் மிகச் சிறந்த 100 கடுங்குத்து வீரர்களை வரிசைப்படுத்தியபோது, ஜோ லூயிக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடத்தில் அவரை வைத்தது. இப்போது எவரும் அவரை மதிப்பறியப்படாதவர் என்று கூற இயலாது போலும்! ஆனால் ஜான்சனுக்கு இழைத்த அநீதிக்குத் தீர்ப்பொன்றிருந்தது, தேதியிருந்தது. ஆகையாற் பின்னொரு ஜனாதிபதி அதன்மேற் கையெழுத்திட முடிந்தது. சிம்ஸ் சட்டமும் ஏட்டில் இருந்ததாலேயே அதனை நீக்க இயன்றது. லாங்க்போர்டுக்கு இழைத்ததற்கு எந்த ஏட்டிலும் பதிவில்லை. எவரும் ஆணையிடவில்லை. ஒவ்வொருவரும் வேறு அலுவல் இருப்பதாகக் கூறிவிட்டனர், அவ்வளவே.

1910-இல் பிளினோடு நடந்த சண்டையின் படம் சிதைந்தும் தப்பியிருக்கின்றது. காண விரும்பும் அன்பர்கள் ஓட்டத்தை மூன்றிலொரு பங்கு குறைத்து வைத்துப் பார்ப்பார்களாக. அப்பொழுது குட்டையான மனிதரொருவர் அவசரமின்றி முன்னேறி வருவது தெரியும். அவர்மேல் மாத்திரம் கண்ணை வையாமல் பிளின் மேலும் வைக்க வேண்டும். முன் கூறியபடி வலிமை தெரிவது அங்கேதான். இரண்டு வருஷங் கழித்துப் பட்டச் சண்டைக்கு அழைக்கப்பட்டவர் அவரே.